வேரில்லாத எல்லைக்கல்

வலது கையின் மூன்று விரல்களை வானத்தைப் பார்த்து உயர்த்திச் சொல்கிறேன்: இந்தக் கதையில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். நான் ஒரு கமாவைக்கூடக் கூட்டவில்லை. நம்பாதவர்கள் வைட்டன்ரோட் ஊருக்கு வந்து கான்ஸ்விங்கல் பேட்டையில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். அவர்களும் நம்ப மாட்டார்கள். அது அவர்கள் சுபாவம்.

வெள்ளிக்கிழமை காலை. கடுகு மஞ்சள் நிறத்தில் ஒரு இறைச்சிக்கடை வேன் நாரைக் கோபுரத்தடிக்கு வந்தது. வந்த வேகத்தில் அரைவட்டம் அடித்துத் திரும்பி, தண்டனை வாங்கிய பள்ளிப்பையன் போலச் சுவரில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது.

"ஏன் சுவத்தைப் பார்த்து நிறுத்தறே?" என்றார் ரோஸ்விதா.

"வெயில் அண்ணி. இன்ஜின் சூடாயிடும்," என்றான் கிலியான்.

வானம் சாம்பல் கரைத்த தண்ணீராகத் தூறிக்கொண்டிருந்தது. ரோஸ்விதா குடையை விரித்தார்.

வைட்டன்ரோட்டின் ஒரே துப்பறிவாளர் அவர். காணாமல் போன பூனைகள், வேலி தாண்டி விழுந்த ஆப்பிள்கள், வழி தவறிய கணவர்கள், இதே வரிசையில் அவரைத் தேடி வருவார்கள். அறுபதைத் தாண்டியவர். அவர் சிரித்துப் பார்த்தவர் ஊரில் கிடையாது. அவர் கணவர் ஆல்பன் காலமான பிறகு, ஆல்பனின் தம்பி கிலியான் உதவியாளனாக ஒட்டிக்கொண்டான். காலையில் இறைச்சிக்கடைக்கு வண்டி ஓட்டுவான். மற்ற நேரத்தில் அண்ணிக்கு ஓட்டுவான். எந்த நேரத்திலும் வாய் ஓடும். அன்றைக்கு அவன்மேல் கற்பூரத் தைலம் மணத்தது. வண்டியிலிருந்து இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கதவோடு பேரம் பேசுவது போல இறங்கினான்.

"இடுப்புக்கு என்ன?"

"வயசு அண்ணி. புதன்கிழமைதான் வந்தது."

விவகாரம் இதுதான். கான்ஸ்விங்கல் பேட்டைக்கும் பக்கத்து ஓபர்டோர்ஃப் பேட்டைக்கும் நடுவே ஒரு எல்லைக்கல். புதன்கிழமை மாலை வரை அது கோபுரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. வியாழக்கிழமை விடிந்து பார்த்தால் இந்தப் பக்கம் நிற்கிறது. கோபுரம் இருந்த இடத்தை விட்டு அசையாமலே ஓபர்டோர்ஃபுக்குக் குடிபோய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை கான்ஸ்விங்கலின் எழுநூறாவது ஆண்டு விழா. கொடியில் கோபுரம், பீர்க் குவளையில் கோபுரம், சர்க்கரைப் பொட்டலத்தில்கூடக் கோபுரம். வேறு படம் போடலாமென்றால், பேட்டையில் மிச்சமிருப்பது ஒரு வாத்துக் குட்டை மட்டும்தான்.

இதில் ஒரு பெரிய மனிதரின் தலை உருண்டது.

அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லைக்கல் நடுவது 'எழுவர்' என்கிற ஏழு பேரின் வேலை. ஆயுளுக்கும் பதவி, சம்பளம் கிடையாது. கல்லை நடும்போது அதன் அடியில் சுட்ட மண்சில்லுகளை ஒரு ரகசிய வரிசையில் புதைப்பார்கள். அவற்றுக்குச் 'சாட்சிகள்' என்று பெயர். வரிசை அந்த ஏழு பேருக்குத்தான் தெரியும். பெண்டாட்டிக்குச் சொல்லக் கூடாது, பிள்ளைக்குச் சொல்லக் கூடாது. எவனாவது கல்லை நகர்த்தினால், புது இடத்தில் தோண்டிப் பார்க்க வேண்டியதுதான். சாட்சி இல்லையென்றால் திருட்டு.

வியாழக்கிழமை எழுவரில் ஆறு பேர் யாரும் பார்க்காதபடி சுற்றிலும் தார்ப்பாய் கட்டிக்கொண்டு, புது இடத்தில் கல்லைத் தூக்கிப் பார்த்தார்கள். வெளியே வந்தபோது ஆறு முகமும் தொங்கிப்போயிருந்தன. "சாட்சிகள் சரியா இருக்கு" என்று கூட்டத்திடம் சொன்னார்கள். அப்படியானால் கல்லை நகர்த்தியது வரிசை தெரிந்தவர். அதாவது எழுவரில் ஒருவர். அந்த ஆறு பேரும் புதன்கிழமை மாலை தொடங்கி விடிய விடியத் தேவாலயப் பாட்டு ஒத்திகையில், ஊர் பார்க்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். மிச்சம் ஒருவர். எழுவரின் தலைவர், எண்பதை நெருங்குகிற வென்டலின்.

ஞாயிறு பூசை முடிந்ததும், எல்லார் முன்னாலும், லிண்டன் மரத்தடியில் அவர் தன் பதவிக் கோலைக் கீழே வைத்துவிட வேண்டும். எழுவரில் ஒருவருக்கு அது சாவைவிடக் கொஞ்சம் மோசம். செத்தாலாவது பேண்டு வாசிப்பார்கள்.

"இந்தக் கேஸை நமக்கு யார் கொடுத்தது அண்ணி?"

"யாரும் இல்லை. உங்க அண்ணன் சவப்பெட்டியைத் தூக்கினவர் வென்டலின்."

கிலியான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். தூறல் உள்ளே போனதுதான் மிச்சம். மூடிக்கொண்டான்.

கல்லுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, பிளாஸ்க்கும் கையுமாகக் காவல் இருந்தார் ஹார்ட்விக், ஓபர்டோர்ஃப் பேட்டையின் தலைவர்.

"வாங்க, வாங்க. எங்க கோபுரத்தைப் பார்க்க வந்தீங்களா?"

"புதன்கிழமை வரைக்கும் இதைக் குட்டிச்சுவர்னுதானே சொல்லிட்டிருந்தீங்க?" என்றான் கிலியான்.

"அது அடுத்தவன் சொத்தா இருந்தப்போ."

ரோஸ்விதா கல்லைச் சுற்றி வந்தார். முழங்கால் உயரத்தில், வெள்ளைச் சுண்ணாம்பின்மேல், மெல்லிய மஞ்சள் தீற்றல் ஒன்று. குனிந்து பார்த்தார்.

"நாய்தான் அண்ணி," என்றான் கிலியான் அவசரமாக. "எல்லைக்கல்லுக்கும் நாய்க்கும் இருக்கற உறவு எழுவருக்குக்கூடக் கிடையாது."

ரோஸ்விதா நகத்தால் சுரண்டினார். நகத்தைப் பார்த்தார். கைக்குட்டையில் துடைத்து, கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு கோபுரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போனார், கல் பழையபடி நின்ற இடத்துக்கு. புல் சதுரமாக அழுந்தி வெளுத்திருந்தது. அவ்வளவுதான்.

"கிலியான், பல்லைப் பிடுங்கினா என்ன இருக்கும்?"

"வலி."

"வலி போனதுக்கு அப்புறம்?"

"டாக்டரோட பில்."

"குழி இருக்கும். இங்கே எங்கே குழி?"

இல்லைதான். அழுந்திய புல்லுக்கடியில் தட்டையாக ஒரு சிமெண்டுப் பலகை. எல்லைக்கல் என்றால் முக்கால் பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். இது மேசைமேல் வைத்த பூச்சாடி மாதிரி நின்றிருக்கிறது.

"இத்தனை வருஷமா வேரே இல்லாம நின்னிருக்கு."

"பக்தி அண்ணி. வெறும் நம்பிக்கையிலேயே நின்னிருக்கும்."

கோபுரக் கதவருகே பித்தளைப் பலகை ஒன்று, ஒரு பேரரசர் இதன் நிழலில் உணவருந்தினார் என்று அறிவித்தது. எந்தப் பேரரசர் என்பதில் விழாக் குழு இன்னும் ஒருமனப்படவில்லை. ஆனால் என்ன சாப்பிட்டார் என்பதில் அபிப்பிராய பேதமே கிடையாது: வாத்து வறுவல், பக்கத்தில் சிவப்பு முட்டைக்கோஸ்.

உள்ளே இருட்டு. அம்பு எய்வதற்கான மூன்று இடுக்குகளிலிருந்து வெளிச்சம் கோடு கோடாக விழுந்தது. ரோஸ்விதா ஒன்றில் கண்ணை வைத்தார். குனிகுண்டேயின் ரொட்டிக்கடை தெரிந்தது. அடுத்ததிலும் ரொட்டிக்கடை. மூன்றாவதில் ரொட்டிக்கடையின் பின்வாசல்.

"எதிரி அந்தக் காலத்துல ஓபர்டோர்ஃப் பக்கமிருந்து வந்தான்னு சரித்திரம் சொல்லுது. அந்தப் பக்கம் ஒரு ஓட்டைகூட இல்லையே."

"ரொட்டியைத் தூக்கிட்டு ஓடறவனைப் பின்னாலேருந்து அடிக்க வசதி அண்ணி."

"வரைபடத்தைத் திருப்பிப் பிடிச்சுக் கட்டியிருக்காங்க," என்று சொல்லிவிட்டு ரோஸ்விதா படியேறினார். நாலாவது படியில் நின்று, சுவரைத் தடவினார். இரண்டு கல்லுக்கு நடுவே, காரையில் பதிந்து, பல்விளிம்போடு வட்டமாக ஒரு தகரம். பீர் பாட்டில் மூடி. கொஞ்சம் மேலே இன்னொன்று. அதற்கு மேலே மூன்று. ஏற ஏற மூடிகள் அதிகமாயின. கற்களும் ஏற ஏறக் கோணலாயின.

"எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி பாட்டில் மூடி ஏது?"

"பேரரசர் குடிச்சிருப்பார். பெரிய இடம், முன்கூட்டியே வந்திருக்கும்."

"ரோஸ்விதா!" என்று கீழேயிருந்து ஒரு குரல். கையெல்லாம் மாவோடு குனிகுண்டே நின்றிருந்தாள். எழுபது தாண்டிய ரொட்டிக்காரி, விழாக் குழுவின் தலைவி. பேட்டையில் அவளுக்குத் தெரியாமல் ரொட்டி மட்டுமல்ல, வதந்திகூட வேகாது. "கல்லு வெளியே இருக்கு. உள்ளே என்னத்தைத் தேடறே?"

"இந்தக் கோபுரத்துக்கு வயசு என்ன அக்கா?"

"எழுநூறு."

"நீங்க சின்னப் பொண்ணா இருந்தப்போ?"

"அப்பவும் எழுநூறுதான்."

"இந்த மூடி?"

"எந்த மூடி?" என்றபடி குனிகுண்டே மேலே ஏறி வந்து, மாவுக் கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இங்கே பாரு. வென்டலின் தங்கமான மனுஷன். எனக்கும் ராத்திரி தூக்கம் இல்லை. ஆனா ஒரு மனுஷனா, ஒரு பேட்டையான்னு வந்தா என்ன பண்றது சொல்லு?"

"பேட்டைக்கு வலிக்காது அக்கா. மனுஷனுக்கு வலிக்கும்."

குனிகுண்டே பார்வையைத் தன் கடைப் பக்கம் திருப்பினாள். கட்டைவிரலை மட்டும் எடுக்கவில்லை.

வென்டலின் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, கோலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். மேசையில் பிளம்ஸ் கேக், காபி. வந்தவர்களுக்கு வெட்டி வைத்தார். துண்டுகள் கனகச்சிதமாக ஒரே அளவு. ஆயுள் முழுக்க நிலம் பங்கு போட்ட கை.

"நாளன்னிக்குக் கீழே வைக்கப்போற கோலுக்கு எதுக்கு ஐயா மெருகு?" என்று கேட்டார் ரோஸ்விதா.

"அழுக்கா வைக்கக் கூடாதில்லேம்மா. அடுத்தாப்பல எடுக்கறவன் என்ன நினைப்பான்."

"கல்லை நீங்க நகர்த்தினீங்களா?"

"அதைப் பத்தி நான் பேசக் கூடாது."

"சரி. கல்லுக்கு அடியில இருக்கறதைப் பத்திக் கேட்கறேன். புதன்கிழமை வரைக்கும் அது நின்ன இடத்துல, அடியில சாட்சி இருந்ததா?"

கிழவர் நிமிர்ந்தார். முகம் தேவாலயச் சிலை மாதிரி ஆயிற்று. "பேஷா இருந்தது. ஒண்ணுகூடக் குறையாம."

"இப்போ நிக்கற இடத்துல?"

"அங்கே ஒண்ணும் கிடையாது. அப்படியே இருந்தாலும், புதன்கிழமை வெச்ச புதுசாத்தான் இருக்கும்."

ரோஸ்விதா எழுந்தார். "ரொம்ப நன்றி ஐயா. கேக் பிரமாதம்."

கிலியானின் தட்டில் கேக் வெட்டியபடியே இருந்தது. கிலியான் முன்னால் வைத்த கேக் முழுசாகத் திரும்பிப் போனது கான்ஸ்விங்கல் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. அந்தச் சரித்திரம் எத்தனை வருஷத்தது என்பதில் இப்போது தகராறு இருந்தாலும்.

வெளியே வந்ததும் கிலியான் சொன்னான்: "அண்ணி, பெரியவருக்கு மூளை கலங்கிடுச்சு. ஆறு பேர் கண்ணால பார்த்து, இருக்குன்னு சொன்னதை இல்லேங்கறாரே."

"கலங்கலை. எழுவர்ல சேரும்போது செய்யற சத்தியத்துல ரெண்டு பாதி இருக்கு. முதல் பாதி, கல்லுக்கு அடியில இருக்கற ரகசியத்தைச் சொல்லாதே. ரெண்டாவது பாதி, வெளியாள் அதைப் பத்திக் கேட்டா பொய் சொல்லு. சும்மா இருந்தா ஊகிச்சிடுவான்."

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க அண்ணன் சொன்னாரா?"

"உங்க அண்ணன் எழுவர்ல இருந்த பதினெட்டு வருஷமும் என்கிட்ட பொய்தான் சொன்னார். கல்லுக்கடியில என்ன வைப்பீங்கன்னு கேட்டேன். முதல் வருஷம் பிரெட்ஸல் ரொட்டின்னார். அடுத்த வருஷம் குதிரைப் பல்லுன்னார். அப்புறம் பாதிரியாரோட பழைய கண்ணாடின்னார். மத்த விஷயத்துல பொய்யே தெரியாத மனுஷன். நானா புரிஞ்சுக்கிட்டேன்."

கிலியான் மெதுவாகக் கணக்குப் போட்டான். "அப்போ பெரியவர் சொன்னதைத் தலைகீழாத் திருப்பணும்."

"திருப்பு."

"பழைய இடத்துல சாட்சியே இல்லை. இப்போ நிக்கற இடத்துல சாட்சி இருக்கு. புதுசும் இல்லை, ரொம்பப் பழசு." அவன் குரல் இறங்கியது. "அப்போ கல்லு திருட்டுப் போகலை அண்ணி. வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கு."

"ஆமாம். அதைக் கொண்டுவந்து விட்ட புண்ணியவான் யாருங்கறதுதான் பாக்கி."

கிலியான் வேனின் பின்பக்கமாகச் சுற்றி ஓட்டுநர் கதவுக்குப் போனான். முன்பக்கமாகப் போனால் நாலு எட்டு.

"ஏன் சுத்திப் போறே?"

"நடந்தா இடுப்புக்கு நல்லதாம் அண்ணி."

சனிக்கிழமை மதியம் கோபுரத்தடியில் எல்லாரையும் கூட்டினார் ரோஸ்விதா. குனிகுண்டே வந்தாள். ஹார்ட்விக் நாற்காலியோடு வந்தார். எழுவரில் ஆறு பேரும் கோலோடு வந்தார்கள். ஒத்திகையில் உச்சக் குரலில் பாடுகிற ரெய்மார் முன்னால் நின்றான். வென்டலின் கடைசியாக வந்து, தள்ளி நின்றுகொண்டார். அந்தப் பக்கம் பேண்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கான நடையைப் பழகிக்கொண்டிருந்தார்கள். அதில் டிராம்போன் மட்டும் திங்கட்கிழமையில் இருந்தது. தூறல் விடவில்லை.

வேன் வழக்கம்போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கிலியான், வண்டியைத் திருப்பு," என்றார் ரோஸ்விதா.

"எதுக்கு அண்ணி?"

"வெயில் போயிடுச்சு."

கிலியான் அண்ணியைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். கடைசியில் வென்டலினைப் பார்த்தான். அப்புறம் வண்டியில் ஏறித் திருப்பினான்.

முன் பம்பரின் நடுவே பள்ளம். பல் டாக்டர் எடுத்த அச்சைப் போல, எல்லைக்கல்லின் சதுர விளிம்பு அப்படியே பதிந்திருந்தது. பள்ளத்தில் சுண்ணாம்பு வெள்ளை. ரோஸ்விதா கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார். கடுகு மஞ்சள்.

"நாய்க்குப் பெயின்ட் அடிக்கத் தெரியாது," என்றார்.

கிலியான் இறங்கி வந்தான். இந்த முறை முன்பக்கமாகவே வந்தான்.

"புதன்கிழமை சாயந்தரம் பாட்டு ஒத்திகைக்கு சாஸேஜ் கொண்டுபோனேன். ஒரு வாத்து குடும்பத்தோட குறுக்கே வந்தது. ஸ்டியரிங்கை ஒடிச்சேன். கல்லை இடிக்கக்கூட இல்லை, சும்மா தொட்டேன். மானஸ்தன் மாதிரி உடனே சாஞ்சிடுச்சு. எடுத்து நடலாம்னு குழியைத் தேடினா, விழுந்த இடத்துல குழியே இல்லை. இந்தப் பக்கம் சதுரமா ஒரு பள்ளம், வாத்துங்க மண்குளியல் போட்டுட்டு இருந்தது. சதுரக் கல்லு, சதுரப் பள்ளம். நான் வேற என்னத்தை நினைப்பேன்? அடியில ஏதோ சில்லு சில்லாத் தெரிஞ்சது. தூக்கி அதுமேல வெச்சேன். இடுப்பு போச்சு." அவன் வென்டலின் பக்கம் திரும்பினான். "மறுநாள் உங்க பேர் அடிபட்டதும் சொல்லிடணும்னு நினைச்சேன் ஐயா. உண்மை தொண்டை வரைக்கும் வரும். வாய்க்கு வர்றப்போ ஜோக்கா மாறிடும். மன்னிச்சிடுங்க."

வென்டலின் கோலில் சாய்ந்துகொண்டார். அவர் தோள்கள், வியாழக்கிழமையிலிருந்து மாட்டியிருந்த ஏதோ ஒன்றைக் கழற்றி வைத்தது போலக் கொஞ்சம் இறங்கின.

"அப்போ இத்தனை வருஷமா கல்லு ஏன் தப்பான இடத்துல நின்னுச்சு?" என்று கேட்டான் ரெய்மார்.

ரோஸ்விதா குனிகுண்டேயைப் பார்த்தார். குனிகுண்டே வானத்தைப் பார்த்தாள், கோபுரத்தைப் பார்த்தாள், கடைசியில் தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"பழைய கோபுரம் ஒரு புயல்ல விழுந்துடுச்சு," என்றாள். "நான் அப்போ கல்யாணம் ஆகாத பொண்ணு. அனுமதி கேட்டா வருஷக்கணக்காகும்னு பேட்டையே சேர்ந்து நாங்களே கட்டினோம். பழைய இடம் குட்டையோரம், சேறு. கொஞ்சம் தள்ளிக் கட்டினோம். பீர் இருந்தது, அளவு சரியாப் பார்க்கலை. கூரை போட்டப்புறம்தான் தெரிஞ்சது, எல்லையைத் தாண்டிட்டோம்னு. கோபுரத்தை நகர்த்தறதைவிடக் கல்லை நகர்த்தறது சுலபம். அப்போ இருந்த எழுவர்ல ஆறு பேர் சரின்னாங்க. ஒருத்தர் மட்டும், இருந்ததிலேயே சின்னவர், கல்லையும் தொட மாட்டேன், சாட்சியையும் எடுக்க விட மாட்டேன்னு குழிமேல உட்கார்ந்துட்டார். மழை பெய்ஞ்சது, அப்பவும் எழுந்திருக்கலை. கல்லை மட்டும் தூக்கிட்டுப் போனோம்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அந்த வென்டலினைத்தான் இப்போ கல்லை நகர்த்தினார்னு சொல்றோம்."

டிராம்போன் ஒரு முறை பிளிறியது.

பிறகு ஹார்ட்விக் துள்ளி எழுந்தார். "அப்போ சட்டப்படியே கோபுரம் எங்களுது!"

"தாராளமா எடுத்துக்கங்க," என்றார் ரோஸ்விதா. "அனுமதியில்லாம கட்டின கோபுரம். ஒரு பக்கமாச் சாயுது. இடிக்கணும்னு நகராட்சி உத்தரவு போட்டா, பொறுப்பு நிலத்துக்காரருக்கு."

ஹார்ட்விக் நாற்காலியை மடக்கினார். பிளாஸ்க்கை மூடினார். "அந்தக் குட்டிச்சுவர் எங்களுக்கு எதுக்கு?" என்றார்.

"நாங்க அவசரப்பட்டுட்டோம்," என்று ரெய்மார் வென்டலினிடம் போனான். "நாளைக்குப் பூசையில எல்லார் முன்னாடியும் சொல்லிடறோம்."

"அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி," என்றார் ரோஸ்விதா. "சாட்சிகள் சரியா இருக்குன்னு வியாழக்கிழமை சொன்னது யாரு?"

"நாங்கதான்."

"யாருகிட்ட?"

"கூட்டத்துல... எல்லார்கிட்டயும்."

"உண்மையையா சொன்னீங்க?"

ரெய்மாருக்கு அப்போதுதான் உறைத்தது. உச்சக் குரல்காரன் முகத்தில் அடிக் குரல் வந்து உட்கார்ந்தது. மற்ற ஐந்து பேரும் தங்கள் கோல்களை, அவை வேறு யாருடையவையோ என்பதுபோலப் பார்த்தார்கள்.

"சத்தியத்தோட ரெண்டாவது பாதியை ஏழு பேர்ல ஒருத்தர்தான் காப்பாத்தியிருக்கார். பேர் கெட்டுப்போகும்னு தெரிஞ்சும், என் மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொன்னார்," என்றார் ரோஸ்விதா. "கோலைக் கீழே வைக்கணும்னா, நாளைக்கு ஆறு கோல் வைக்கணும்."

எல்லாரும் வென்டலினைப் பார்த்தார்கள். அவர் நிதானமாக முன்னால் வந்தார்.

"ஆறு கோல் ஒண்ணா விழுந்தா சத்தம் ஜாஸ்தியா இருக்கும்," என்றார். "எனக்குச் சத்தம் ஆகாது. எடுத்துட்டு வாங்கடா தார்ப்பாயை. மத்தவங்க எல்லாரும் திரும்பி நில்லுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். பேண்டும் திரும்பியது. கிலியானும் திரும்பினான்.

"நீ உள்ளே வா."

"நானா? நான் வெளியாள் ஐயா."

"கல்லுக்கு அடியில பார்த்துட்டே. இனிமே ஒண்ணு நீ அதை மறக்கணும், இல்லே சத்தியம் செய்யணும். மறக்கறதுக்கு எங்ககிட்ட மருந்து கிடையாது." வென்டலின் தன் கோலை நீட்டினார். மழைத்துளி அதில் நிற்க முடியாமல் வழுக்கி ஓடியது. "எனக்கு வயசாச்சு. என் இடம் காலி. இந்தா, சுத்தமாத்தான் வெச்சிருக்கேன்."

கிலியான் வாயைத் திறந்தான். ஜோக் வரவில்லை. கோலை வாங்கிக்கொண்டான்.

தார்ப்பாய்க்குள் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது எல்லைக்கல் கோபுரத்துக்குள்ளே, படிக்கட்டின் அடியில், பாதிக் கோபுரம் இந்தப் பேட்டைக்கும் பாதி அந்தப் பேட்டைக்குமாக நடுவில் நின்றது. சாயும் பாதி யாருடையது என்று இரண்டு பேட்டையும் இன்றுவரை கேட்டுக்கொள்ளவில்லை. பூசை முடிந்ததும் லிண்டன் மரத்தடியில் வென்டலினுக்காகப் பேண்டு வாசித்தார்கள். அவர் உயிரோடு நின்று, காலால் தாளம் போட்டுக்கொண்டு கேட்டார். டிராம்போன் அப்போதும் ஒரு நாள் பிந்தியே வந்தது.

வேனில் திரும்பும்போது ரோஸ்விதா கேட்டார்: "கிலியான், கல்லுக்கு அடியில என்ன இருந்தது?"

கிலியான் ரோட்டையே பார்த்து ஓட்டினான். "பிரெட்ஸல் அண்ணி."

ரோஸ்விதா சிரித்தார். சத்தமாகவே சிரித்தார்; தெருவில் ஒரு வாத்து திரும்பிப் பார்த்தது.

"முதல் வருஷம் உங்க அண்ணனும் அதைத்தான் சொன்னார்," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மூன்று விரலை உயர்த்தி இதை எழுதியவன் இன்றைக்கும் அந்த எழுவரில் ஒருவன்.